மாமாவின் இடது கெண்டைக்கால்

தொண்ணூறுகளின் நடுவில் நான் ஆராய்ச்சி மாணவி. பட்டாபிராமில் ரயிலேறி சென்ட்ரலில் இறங்கிப் பரிசோதனைக் கூடத்துக்குப் போவேன். ஊசி குத்தாமல், வெறும் ஒளியால், தசைக்குள் ஓடும் ரத்தத்தை அளப்பது என் வேலை. இமைக்கும் நேரத்தில் பல கோடியில் ஒரு பங்குகூட நீடிக்காத லேசர் துடிப்பைக் காலில் செலுத்துவோம். தோலோரமாகத் திரும்பும் ஒளி முதலில் வரும். ஆழத்தில் அலைந்த ஒளி பிந்தி வரும். பிந்தியதைத் தனியே பிரித்தால் உள்ளே எவ்வளவு ரத்தம் என்று தெரியும். தொடையில் பி.பி. பட்டையை லேசாக இறுக்கினால் ரத்தம் கீழே இறங்கும், மேலே திரும்பாது. கெண்டைக்கால் எவ்வளவு வேகமாக நிறைகிறதோ, அதுதான் ரத்த ஓட்டம்.

கூடப் படித்தவர்களின் கால்களை அளந்து முடித்திருந்தேன். எல்லாம் இளம் கால்கள். திரையில் ஒரே மாதிரி ஏறும் கோடு. கொஞ்சம் வயதான கால் தேவைப்பட்டது. அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனி ஒன்றில் லேத் மிஷின் ஓட்டிய அக்கா கணவரைக் கேட்டேன். லீவு நாளில் வந்தார். ஒளி தடைபடாமலிருக்கக் கால்முடியை மழித்தேன்.

"காலுக்கு மொட்டையா? எந்த சாமிக்கும்மா வேண்டிகினே?" என்று சிரித்தார்.

வலது காலில் கோடு ஒழுங்காக ஏறியது. இடது காலில் படுத்தே கிடந்தது.

"மிஷின் ரிப்பேரா கீதும்மா."

பட்டையை மாற்றினேன். என் காலில் வைத்துப் பார்த்தேன், சட்டென்று ஏறியது. திரும்ப அவருடைய இடது கால். அசையவே இல்லை. ஒவ்வொரு திருகையும் நானே முடுக்கிய கருவி அது. கருவியில் கோளாறில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"நடந்தா வலிக்குதா மாமா?"

"கெண்டை இழுத்துப் புடிச்சுக்கும். நின்னா சரியாப்பூடும். கம்பெனிக்குப் போற வழில டீக்கடையாண்ட நின்னுக்குவேன். உங்கக்காளுக்குத் தெரியாது."

என் பேராசிரியர் கோடு அச்சான தாளைப் பார்த்துவிட்டு, "ஒரே ஒரு கால். இதை வெச்சு நோய்னு சொல்லிடக் கூடாது" என்றார்.

"நோய்னு சொல்லல சார். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்."

அவர் சரியென்று தலையசைத்தார்.

மறுநாளே மாமாவையும் அக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் பாதத்தில் விரல் வைத்து வெகுநேரம் தேடினார். நாடி கிடைக்கவில்லை. ஸ்கேனில் தொடை ரத்தக்குழாய் அடைப்பு தெரிந்தது. இன்னும் விட்டிருந்தால் பாதத்தில் புண் வந்திருக்கும், பிறகு காலுக்கே ஆபத்து என்றார். பீடியை அன்றோடு நிறுத்தச் சொன்னார். மாத்திரை எழுதினார், வலிக்கும்வரை நட, நில், மறுபடி நட என்றார்.

மாமா பீடிக்கட்டை அங்கேயே அக்காவிடம் கொடுத்தார். அக்கா அழுதாள்; அழுதுகொண்டே திட்டினாள். அன்றிலிருந்து அவளும் காலையில் அவரோடு நடந்தாள்.

மழைக்காலம் கழிந்து மறுபடி அளந்தேன். விளக்கை அணைத்துவிட்டுத் திரையைப் பார்த்தேன்.

"ஏறுதாம்மா?" இருட்டிலிருந்து மாமாவின் குரல்.

வலது கால் அளவுக்கு இல்லை. ஆனாலும் கோடு நிதானமாக மேலே போய்க்கொண்டிருந்தது.

"ஏறுது மாமா. எழுந்திரிக்காம படுங்க, இன்னும் முடியல."