பழைய கணினிக்கு ஒரு பூட்டு

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துக்குப் பக்கத்தில் என் அக்கா எக்ஸ்ரே சென்டர் வைத்திருக்கிறாள். ராணுவத்தில் இருந்த அத்தான் லீவில் வந்தபோது வாங்கிப் போட்ட இயந்திரம். அவர் இறந்த பிறகு அவளுக்குப் பிழைப்பு அது ஒன்றுதான். அதை இயக்கும் கணினியின் இயங்குதளத்தைத் தயாரித்தவர்களே எப்போதோ கைகழுவிவிட்டார்கள். புதியதைப் போட்டால் எக்ஸ்ரே இயந்திரம் வேலை செய்யாது.

மதுரையில் உள்ள ஒரு மருத்துவமனைதான் அவளுக்குப் பெரும்பாலான ஆட்களை அனுப்புகிறது. விஜயதசமியிலிருந்து பாதுகாப்பான புதிய இணைப்பு வழியாகத்தான் படங்களை வாங்குவோம், போனில் பிடித்து அனுப்பினால் செல்லாது, அன்று மதியத்துக்குள் முதல் படத்தை அனுப்பாத சென்டர்களை விட்டுவிடுவோம் என்று அங்கிருந்து சொல்லிவிட்டார்கள். கழுத்தில் கத்தி வைக்கவும் நல்ல நாள் பார்த்திருக்கிறார்களே என்று எனக்கு எரிச்சல்.

நான் ராஜபாளையத்தில் வீட்டிலிருந்தே மென்பொருள் வேலை பார்ப்பவள். மூல நிரலை எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கும் ஒரு பாதுகாப்பு மென்பொருளை எடுத்து, அந்தப் பழைய கணினிக்குப் பொருந்தும்படி கட்ட உட்கார்ந்தேன். நிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்ற கம்பைல் செய்தால் திரை முழுக்கப் பிழை. ஒன்றைச் சரிசெய்தால் வேறொன்று முளைத்தது. இல்லாத பகுதிகளை நானே எழுதிச் சேர்த்தேன். இடத்தை அடைத்த, பிழைக்குக் காரணம் சொல்லும் விளக்கச் செய்திகளை வெட்டி எறிந்தேன். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சோதனைப் படம் மதுரைக்குப் போய்ச் சேர்ந்தது. அக்கா அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டாள்.

விஜயதசமி காலையில் பஸ் பிடித்துப் போனேன். முதல் படத்தை அனுப்பினால், எதிர்ப்பக்கத்தை நம்ப முடியவில்லை என்று மட்டும் சொல்லி என் மென்பொருள் இணைப்பைத் துண்டித்தது. ஏன் என்று சொல்லியிருக்கும் செய்தியை நானே அல்லவா வெட்டிப்போட்டிருந்தேன். என் நிரலிலேயே தப்பைத் தேடித் தேடி மண்டை காய்ந்தது.

“ஏட்டி, போவ மாட்டேங்குதா?” என்றாள் அக்கா.

“நேத்து இதை என்னக்கா செஞ்ச?”

“பூசைக்குத் தொடச்சுப் பொட்டு வச்சேன். அதுக்கும் ஒரு நா ஓய்வு வேணும்ல. பிளக்கையும் புடுங்கிட்டேன்.”

வருடக்கணக்கில் அணையாமல் ஓடிய கணினி அது. உள்ளே தேதியைக் காக்கும் சின்ன பேட்டரி எப்போதோ செத்திருக்கிறது, யாருக்கும் தெரியவில்லை. திரையின் மூலையைப் பார்த்தேன். இருபது வருடங்களுக்கு முந்தைய ஜனவரி முதல் தேதி. இணைப்பில் தன்னை யாரென்று நிரூபிக்க மருத்துவமனை காட்டும் சான்றிதழ் அந்தத் தேதியில் இன்னும் வழங்கப்படவே இல்லை. நான் கட்டிய பூட்டு நம்ப மறுத்தது நியாயம்தான்.

மூச்சு வந்தது. தேதியை மாற்றக் கையைக் கொண்டுபோனேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“அந்த ஜனவரிக்கு அவிய லீவுல வந்திருந்தாக. செத்த நேரம் அப்படியே இருக்கட்டும்.”

மதியத்துக்குக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. ஆனாலும் கையை எடுத்துக்கொண்டேன். அவள் அந்தத் தேதியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பொட்டு வைத்த கணினியின் முன்னால் கடைசியில் அவளே, “சரி, இன்னைக்கித் தேதியப் போடு” என்றாள்.

போட்டேன். படம் மதுரைக்குப் போய்விட்டது. சென்டர் பிழைத்தது. அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெளியே காத்திருந்தவரை உள்ளே கூப்பிட்டாள். அத்தான் உயிரோடிருந்த நாளிலிருந்து அவளை நானே இழுத்துக்கொண்டு வந்துவிட்டேனே என்று எனக்குத்தான் அழுகை நிற்கவில்லை.