பதினோரு நாள் வேப்பங்குச்சி

இங்கிலாந்தில் நான் இருக்கும் ஊரின் பேருந்து நிறுத்தத்தில் காலை எட்டு மணிக்கு மாம்பழ வாசனை வரும். மாமரம் எதுவும் இல்லை; வரிசையில் நிற்பவர்கள் வேப் என்கிற மின்சிகரெட்டை இழுத்து விடும் ஆவி அது. அந்த வரிசையில் நானும் ஒருவன். நாற்பது வருடம் சிகரெட் பிடித்த என்னை, மகன்தான் புகைப்பழக்கத்தை விடவைக்கும் அரசு நர்ஸிடம் அழைத்துப்போனான். அந்தப் பெண் ஒரு கருவியில் ஊதச் சொன்னார். மூச்சில் எவ்வளவு கார்பன் மோனாக்சைடு இருக்கிறது என்று அது காட்டும். கும்மிடிப்பூண்டியில் ஓர் உருக்காலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவன் நான். குழிக்குள் ஆள் இறக்குமுன் இதே வாயுவை அளந்து கையெழுத்துப் போட்டவன். "இந்த மீட்டரைக் கடைசியாக எப்போது சரிபார்த்தீர்கள்?" என்று கேட்டேன். சுத்தத்தைப் பற்றிக் கேட்கிறேன் என்று நினைத்து, அவர் மன்னிப்புக் கேட்டு ஊதுகுழலை மாற்றினார். பிறகு ஒரு வேப்பை இலவசமாகக் கையில் கொடுத்தார். புகையை விடுவதற்குப் புகை வழங்கும் அரசாங்கம்.

அன்றே ஏழுமலைக்குப் போன் செய்தேன். ஆலையில் ஃபிட்டராக இருந்து என்னோடு ஓய்வுபெற்றவன். வளாகத்துக்குள் தீப்பெட்டி கூடாது என்று நோட்டீஸ் ஒட்டியவன் நான். ஒட்டிய கையோடு கேட்டுக்கு வெளியே டீக்கடையில் அவனோடு நின்று பற்றவைத்தவனும் நானே. அவனுக்கு இளைப்பு அதிகமாகி, சிகரெட்டை விட்டே ஆகவேண்டும் என்று திருவள்ளூர் டாக்டர் சொல்லியிருந்தார். "நான் வேப்புக்கு மாறிட்டேன் ஏழுமலை. சிகரெட்டைத் தொடறதில்ல" என்றேன்.

"அட, சோக்கா கீதே சார். நம்மாண்ட இல்லாததா? நானும் மாறிடறேன்" என்றான். கேலி செய்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

பதினோராம் நாள் அவனே கூப்பிட்டான். அதே டீக்கடை, ஸ்பீக்கரில் போட்டிருந்தான். "பதினோரு நாளு சார். ஒரு தம் அடிக்கல. கை பரபரன்னா வேப்பங்குச்சிய வாய்ல வெச்சிக்கினு குந்திர்றேன். கசப்புதான் பேஜாரு. நீ எப்டி சார் சமாளிக்கிற?"

நான் சிரித்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "யோவ், வேப்புன்னா குச்சி இல்லய்யா. பேட்டரில ஓடற மெஷின். நம்ம நாட்டுல தடை. விக்கவும் கூடாது, வெளிநாட்டுலேருந்து கொண்டாரவும் கூடாது" என்று சட்டத்தை ஒப்பித்தேன். டீக்கடையே சிரித்தது. "இன்னா நைனா, லண்டன் வேப்பமரமா?" என்று யாரோ கேட்டார்கள். ஏழுமலையும் சிரித்தான், கொஞ்சம் தாமதமாக. மறுவாரம் பேசும்போது அவன் பக்கம் தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது.

குச்சியில் மருந்து எதுவும் இல்லை, தெரியும். ஆனால் கடல் தாண்டி நானும் அதையேதான் கடித்துக்கொண்டிருக்கிறேன் என்ற நினைப்பு அவனுக்கு இருந்தது. அதைத்தான் நான் பிடுங்கினேன். நிகோடின் சூயிங்கம் அவன் ஊர் மருந்துக்கடையிலேயே கிடைக்கும் என்றாவது சொல்லியிருக்கலாம். எது கூடாது என்று முடித்த பிறகு எது கூடும் என்று சொல்கிற பழக்கம் என் உத்தியோகத்தில் எனக்கு வரவில்லை.

இப்போது அவன் ஒரு வாக்கியத்துக்கு இரண்டு முறை மூச்சு வாங்குகிறான். போன வாரம் சூயிங்கத்தைப் பற்றிச் சொல்லி, மன்னிப்பும் கேட்டேன். "அத்த உடு சார். நீ வா. பதினோரு நாளு... என்னாண்ட வந்து குந்து. உன் மெஷினும் வாணாம், என் சிகரெட்டும்... வாணாம். அப்பால நம்பறேன்."

பயணச்சீட்டு எடுத்துவிட்டேன். வேப்பை இங்கேயே வைத்துவிட்டுப் போக வேண்டும். அங்கே கொண்டுபோனால் குற்றம். சிகரெட் அங்கே தெருவுக்குத் தெரு கிடைக்கும், குற்றமில்லை. விமானத்துக்குள் இரண்டையுமே பிடிக்க அனுமதி கிடையாது. ஆக, இந்த ஊருக்கும் அந்த ஊருக்கும் நடுவே, ஆகாயத்தில், பத்து மணி நேரம் மட்டும் நான் எதையும் பிடிக்காதவன். அந்தப் பத்து மணி நேரத்தை ஏழுமலையின் பக்கத்தில் பதினோரு நாளாக நீட்ட வேண்டும். மீனம்பாக்கத்தில் இறங்கி வெளியே வந்தால் முதல் பெட்டிக்கடை.