மணி ஆடிக்கொண்டிருந்த மன்றம்

நீடாமங்கலம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நான் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். சிட்டா நகல், ஆதார் திருத்தம், பயிர்க் காப்பீட்டுப் பதிவு என்று காலையில் கூட்டம் இருக்கும். மதியச் சாப்பாட்டுக்கு மேல் ஈ ஓட்ட வேண்டியதுதான். கடை ஆரம்பித்த புதிதில் அப்படியொரு மதியத்தில், பிரதோஷ நேரம் பார்க்க இணையத்தில் தேடப்போய், ஒரு சைவ விவாத மன்றத்துக்குள் போய் விழுந்தேன்.

பார்க்க அப்படியொன்றும் லட்சணமான பக்கம் இல்லை. காப்பிக் கறை மாதிரி ஒரு பழுப்பு நிறம். உச்சியில் ஒரு கோயில் மணியின் படம், இடமும் வலமுமாக ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கும். பக்கம் முழுதாகத் திறப்பதற்குள் ஒரு ஆளுக்கு நகல் எடுத்துக் கொடுத்து, சில்லறையும் தேடிக் கொடுத்துவிடலாம். ஒருவர் சொன்னதை இன்னொருவர் ஒரு பெட்டிக்குள் வைத்துப் பதில் எழுதுவார். அந்தப் பதிலை மூன்றாமவர் இன்னொரு பெட்டிக்குள் வைப்பார். சண்டை முற்ற முற்றப் பெட்டிக்குள் பெட்டியாகச் சுருங்கி, எழுத்தெல்லாம் வலது ஓரத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். சண்டை எல்லை மீறினால் எங்கோ வெளிநாட்டிலிருந்த நிர்வாகி வந்து ஒரு பூட்டுப் படத்தைப் போட்டு மூடிவிடுவார்.

நிறைய எழுதினால் பெயருக்குக் கீழே பட்டம் மாறும். 'புதியவர்' என்றிருப்பது 'அடியார்' ஆகும், பிறகு 'மூத்த அடியார்' ஆகும். நான் அடியார் ஆன அன்று வீட்டில் சொன்னேன். என் கணவர் அறுவடை மெஷின் ஓட்டுபவர். சோற்றைப் பிசைந்துகொண்டே, "நல்லது. கோயில்ல இனிமே சுண்டல் ரெண்டு கை கொடுப்பாங்களா?" என்றார்.

அவர் கேலிக்குச் சொன்னாலும் எனக்கு அந்தப் பட்டம் பெரிதாகத்தான் இருந்தது. நான் பிறந்த தெருவுக்கு ஊரில் காலனி என்று பெயர். என் அப்பாவும் அம்மாவும் பிறத்தியார் வயலில் நாற்றுப் பறித்து, நடவு நட்டு என்னைப் படிக்க வைத்தவர்கள். சாமி விஷயத்தில் எனக்குச் சின்ன வயதிலிருந்தே கேள்விகள் அதிகம். ஊர்க் கோயிலில் நின்று அதையெல்லாம் கேட்கிற மாதிரியான நிலைமை எங்களுக்கு இருந்ததில்லை. மன்றத்தில் எந்த ஊர், எந்தத் தெரு என்று ஒருவரும் கேட்கவில்லை. எழுதியதைப் படித்தார்கள். பிடித்தால் ஒப்புக்கொண்டார்கள், பிடிக்காவிட்டால் வரிவரியாகப் பிரித்துப் போட்டு மறுத்தார்கள். அந்த மறுப்புகூட எனக்கு இனித்தது. பெயருக்குப் பக்கத்தில் நான் ஒரு நெற்கதிரின் படத்தை வைத்திருந்தேன். பெயரிலும் ஆணா பெண்ணா என்று தெரியாது. எல்லோரும் என்னை 'ஐயா' என்றே எழுதினார்கள். நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

என்னை அதிகம் மறுத்தவர் ஒரு அகல்விளக்குப் படம் வைத்திருந்தவர். சாமியிடம் இது வேண்டும், அது வேண்டும் என்று கேட்கலாமா, கூடாதா என்பதுதான் எங்கள் சண்டை. கேட்கவே கூடாது, கேட்டால் அது பக்தி இல்லை, வியாபாரம் என்பது அவர் கட்சி. "எல்லாம் இருக்கிறவர்களுக்குக் கேட்காமல் இருப்பது சுலபம் ஐயா" என்று நான் எழுதினேன். இரண்டு நாள் அவர் ஆளையே காணோம். பிறகு ஒரு பக்கம் நீளத்துக்குப் பதில் வந்தது. நான் அதைப் படித்துக்கொண்டிருந்ததில், பட்டா நகல் கேட்டவருக்கு வேறு யாருடைய பட்டாவையோ எடுத்துக் கொடுத்துவிட்டேன். அந்த விவாதம் ஒரு சம்பா நடவில் தொடங்கி அறுப்பு வரைக்கும் ஓடியது.

அந்தச் சமயத்தில்தான் மன்றத்தார் எல்லோரும் ஒருநாள் சுவாமிமலையில் கூடுவதென்று முடிவானது. போவதா வேண்டாமா என்று எனக்குத் தயக்கம். எழுத்தில் கேட்காததை நேரில் கேட்பார்கள். கணவர்தான், "இத்தனை நாளு சண்டை போட்டுட்டு நேர்ல பாக்காம விட்டா எப்படி? போயிட்டு வா" என்று பஸ் ஏற்றிவிட்டார்.

தரிசனம் முடிந்து ஒரு சின்ன மண்டபத்தில் கூடினார்கள். எல்லோரும் தங்கள் படத்தைச் சொல்லித்தான் அறிமுகம் செய்துகொண்டார்கள். மெலிந்த பெரியவர் ஒருவர் வாசலையே பார்த்துக்கொண்டு, "நெற்கதிர் ஐயா இன்னும் வரலையா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய், "நான்தாங்க அது" என்றேன்.

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். "நீங்களாம்மா? நான்தான் அகல்விளக்கு. உங்கள ஏதோ ரிட்டயர்டு தாசில்தாருன்னுல்ல நெனச்சேன்!"

பக்கத்திலிருந்த அவர் மனைவி வாய்விட்டுச் சிரித்தார். "வீட்ல தினமும் உங்க பேச்சுதான். சாப்பாடு ஆறிப்போறதுகூட தெரியாது."

அவர் சீர்காழிக்காரர், ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். என் ஊரைக் கேட்டார். சொன்னேன்.

"நீடாமங்கலம் பக்கமா? அங்க நான் வேலை பார்த்திருக்கேனே. அந்த ரயில்வே கேட்டை எத்தனை தடவை மூடச் சொல்லியிருப்பேன்!"

"அப்ப எங்கள எல்லாம் வெயில்ல நிக்க வெச்சது நீங்கதானா?"

அவரும் சிரித்தார். பிறகு, நான் பயந்திருந்த கேள்வி வந்தது. "அந்த ஊர்ல எந்தத் தெரும்மா?"

மறைப்பதற்கு மனமில்லை. "காலனிங்க" என்றேன்.

அவர் இலை போட்டுக்கொண்டிருந்தவரை ஒரு கணம் பார்த்தார். அந்த ஒரு கணம் எனக்கு மிக நீளமாக இருந்தது. பிறகு நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். "அதெல்லாம் இருக்கட்டும். போன வாரம் நீங்க எழுதினது தப்பும்மா. அதை நான் ஒத்துக்க மாட்டேன்" என்று ஆரம்பித்தார். சாப்பிடும்போதும் விடவில்லை. ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் நானும் நன்றாகத் திருப்பிக் கொடுத்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, காரணமில்லாமல் சிரித்துக்கொண்டே வந்தேன்.

அடுத்த வருஷம் மன்றத்தைப் புதுப்பித்தார்கள். ஒருநாள் மதியம் திறந்தால் எல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தது. மணியைக் காணோம். படங்கள் போய் எல்லோருக்கும் ஒரு வட்டம், அதற்குள் பெயரின் முதல் எழுத்து. அடியார், மூத்த அடியார் எல்லாம் போய்விட்டது. பழைய விவாதங்களைத் தேடிப் பிடித்துத் திறந்தால், பெட்டிகள் உடைந்து, யார் சொன்னது எது என்று தெரியாமல் கிடந்தன. பாதி இடங்களில் தமிழ் எழுத்துகளுக்குப் பதில் கேள்விக்குறிகள். பக்கம் மட்டும் கண்மூடித் திறப்பதற்குள் திறந்தது. நீளமாக எழுதினால் மூன்று வரிக்கு மேல் உள்ளதை மடித்துவிடும், தட்டினால்தான் விரியும். யாரும் மறுப்பதில்லை, இதயம் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

வீட்டில் யாரோ நாற்காலிகளை இடம் மாற்றிப் போட்ட மாதிரி எனக்குக் கொஞ்ச நாள் தடுமாற்றமாக இருந்தது. சுவாமிமலையில் வாங்கிவைத்த நம்பரில் பெரியவரைக் கூப்பிட்டேன்.

"நானே கூப்பிடலாம்னு இருந்தேன். என் வெளக்கை அணைச்சுட்டாங்கம்மா" என்றார் வருத்தமாக. "எனக்கு இது வேணாம். நாம போன்லயே பேசிக்குவோம்."

அன்றிலிருந்து ஞாயிறு மதியங்களில் பேசுகிறோம். நடுவில் அவருக்குக் கண் ஆபரேஷன் ஆனது. நான் கோயிலுக்குப் போய், அவர் பெயரைச் சொல்லி, பார்வை நன்றாக வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். கட்டுப் பிரித்த பிறகு அதை அவரிடம் சொல்லிவிட்டேன்.

"என் பேர்லயா? யாரு உங்களக் கேக்கச் சொன்னது?" என்று கத்தினார்.

அவர் மனைவி போனைப் பிடுங்கிக்கொண்டார். "நீங்க கேட்டது ரொம்ப நல்லதும்மா. இவர் கெடக்கறார்."

மன்றத்துக்குள் இப்போதும் எப்போதாவது போகிறேன். புதிதாக வந்தவர்களுக்கு அந்த வெள்ளைப் பக்கம்தான் சொந்தப் பக்கம். போன மாதம் ஒரு பெண், குழந்தை பிறந்த வீட்டில் எத்தனை நாள் கழித்து விளக்கேற்றலாம் என்று கேட்டிருந்தாள். நீளமாக எழுதினேன். மடித்து வைத்ததைத் திறந்து படித்திருக்கிறாள், நன்றி சொன்னாள். அதில் எனக்குச் சந்தோஷம்தான்.

இந்தத் தை மாதம், பொங்கல் கழிந்த வாரத்தில், பெரியவரும் அவர் மனைவியும் வண்டி மாறி மாறி எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். புது அரிசிச் சாதம், மொச்சைக் குழம்பு, வாழைக்காய் வறுவல். அந்த அம்மா குழம்பு இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினார். என் கணவருக்கும் பெரியவருக்கும் நன்றாக ஒட்டிக்கொண்டது. மெஷினில் அறுத்தால் வைக்கோல் வீணாகிறதா இல்லையா என்று இருவரும் வாசலில் நின்று வாதம் செய்தார்கள். என் கணவர் இவ்வளவு பேசுவார் என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது. சாயங்கால வண்டிக்கு ஏற்றிவிட்டு வந்தோம்.

கடையைத் திறக்க வெகு நேரமாகிவிட்டது. சிட்டா நகலுக்காக ஒருவர் படியில் உட்கார்ந்திருந்தார். "கடைய நேரத்தோட தொறக்க மாட்டீங்களா? எவ்வளவு நேரமா உக்காந்திருக்கேன்!" என்று சத்தம் போட்டார். சரிங்க, சரிங்க என்று திட்டு வாங்கிக்கொண்டே கம்ப்யூட்டரைப் போட்டேன்.