ஞாயிற்றுக்கிழமை உதவாத அவசர எண்

எங்கள் செம்பூர் கம்பெனியில் வெளிநாடு போகிறவர்களுக்கு டிக்கெட் போட்டு, அவசர எண் அச்சடித்த அட்டையும் கொடுப்பது என் வேலை. அந்த எண்ணை ஒருநாளும் அழைத்துப் பார்த்ததில்லை.

போன ஆண்டு என்னையே ஜகார்த்தாவுக்கு அனுப்பினார்கள். ஞாயிறு மதியம் ஓட்டல் அறையில் வயிற்றுவலியில் சுருண்டு, அந்த எண்ணுக்கு அடித்தேன். எடுத்தவர் எங்கள் ஆபீஸ் வாட்ச்மேன், தாராவி அண்ணாச்சி.

“ஒருத்தரும் இல்ல சார். நாளைக்குப் பத்து மணிக்கு அடிங்க.”

“அதுவரைக்கும் நான் இருக்கணுமே, அண்ணாச்சி!”

“ஏன் சார், எங்க போறிய?”

ஓட்டல்காரர்கள்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரத்த வகை கேட்ட நர்ஸிடம் பதற்றத்தில் என் லோக்கல் ரயில் பாஸை ஒப்பித்தேன்: ‘ஹார்பர் லைன், ஃபர்ஸ்ட் கிளாஸ்.’ குடல்வால் வெடிக்கும் நிலை. உடனே அறுத்தார்கள், பிழைத்தேன்.

திரும்பி வந்து கத்தினேன். மேனேஜர் சிரித்தார்: “ஞாயித்துக்கிழமை பாத்து வலிச்சா கம்பெனி என்ன சார் பண்ணும்?”

தையல் ஆறிவிட்டது, அந்தச் சிரிப்பு இன்னும் எரிகிறது. அதே அட்டையை எத்தனை பேர் கையில் நானும் சிரித்துக்கொண்டே திணித்திருக்கிறேன்!

இப்போது யார் கிளம்பினாலும், முந்தின ஞாயிறு அந்த எண்ணுக்கு நானே அடிக்கிறேன். பொறுப்பான ஒருவர் எடுத்துப் பேசாதவரை டிக்கெட் போடமாட்டேன். மேனேஜர் துபாய் போக இரண்டு வாரமாகக் காத்திருக்கிறார்.