கன்னத்தில் நிற்காத பொட்டு

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இதைக் கேட்டு நீங்கள் சிரிப்பீர்கள், சிரித்துக்கொள்ளுங்கள். எண்பதுகளில் பிரிக்பீல்ட்ஸில் கடை வைத்திருந்தேன், பழைய போட்டோவைப் பார்த்துப் பெரிதாக எண்ணெய்ச் சாயத்தில் படம் வரைந்து கொடுப்பது வேலை.

ஒருநாள் கிள்ளானிலிருந்து ஒரு அம்மா வந்தார். இரண்டு வயதில் காய்ச்சலில் போய்விட்ட மகள், வீட்டில் இருந்ததே ஒரே படம், அதுவும் அடக்கத்துக்கு முன்னால் எடுத்தது. "கண்ணத் தொறந்த மாதிரி வரைஞ்சு குடுங்கண்ணே. முகம் மறந்துக்கிட்டே வருது. ஆனா என் பிள்ளையாவே இருக்கணும்" என்றார். மூடிய கண்ணை வைத்துக்கொண்டு திறந்த கண்ணுக்கு எங்கே போவது? மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை, அந்த அம்மாவின் கண்ணையே நினைத்துக்கொண்டு வரைந்து முடித்தேன்.

குழந்தைப் படம் என்றால் கன்னத்தில் ஒரு திருஷ்டிப் பொட்டு வைப்பது என் பழக்கம். போன பிள்ளைக்கு யார் கண் படப்போகிறது என்று யோசிக்காமல் இவளுக்கும் வைத்துவிட்டேன். படத்தைச் சுவரோரம் தரையில் சாய்த்துவிட்டு, கடையைப் பூட்டிச் சாப்பிடப் போய் வந்தால், பொட்டு காதுவரை இழுபட்டிருக்கிறது. பூனையைத் திட்டிக்கொண்டே துடைத்து மறுபடி வைத்தேன், பூனை நுழைய ஜன்னல்கூட இல்லாத கடை என்பது அப்புறம்தான் உறைத்தது.

மறுநாள் காலை பொட்டு சரியாகத்தான் இருந்தது. படத்தைச் சுற்றக் காகிதம் தேடி முதுகைத் திருப்பினேன். நம்பினால் நம்புங்கள், திரும்பிப் பார்த்தால் மறுபடி அதே இழுப்பு. அந்த நேரம் பார்த்து அந்த அம்மாவும் வந்துவிட்டார். பொட்டு கலைந்துவிட்டது, ஒரு நிமிஷம் என்று துணியை எடுத்தேன். என் கையைத் தடுத்தார்.

"தொடாதீங்கண்ணே, என் பிள்ளைதான். பொட்டு வெச்சா ஒடனே அழிச்சிருவா. அழிச்சிட்டு, பக்கத்துல யார் நின்னாலும் அவங்க துணியில கையத் தொடச்சிருவா."

அழுதுகொண்டே சிரித்தார். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

அவர் படத்தோடு போன பிறகுதான் குனிந்து பார்த்தேன். அன்று பத்துமலைக் கோயிலுக்குப் போவதற்காக வெள்ளைக் கால்சட்டை போட்டிருந்தேன், காலையிலிருந்து பிரஷ்ஷைத் தொடவே இல்லை. முழங்காலுக்குக் கீழே, சின்னச் சின்ன விரல்கள் தேய்த்த கறுப்புத் தடம். அந்தக் கால்சட்டை இன்னும் பீரோவில் இருக்கிறது, துவைக்க நான் யாரையும் விடவில்லை.