வாளிக்கு விக்கல் வந்தால்

அக்கா அந்தப் பெயரை முதன்முதலாகக் கேட்டது வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது. தங்கை அடுப்படி நிலையில் சாய்ந்துகொண்டு, "அக்கா, நான் வாளியைத்தான் கட்டிக்கப் போறேன்" என்றாள். கண்ணில் வழிந்தது வெங்காயத்தாலா, சிரிப்பாலா என்று அக்காவுக்கே தெரியாது. "ஏண்டி, குடம், அண்டா ஒண்ணும் அமையலையா உனக்கு?"

ஆள் அப்படி. வேனும் லாரியும் பழுது பார்க்கிற பட்டறைக்காரர். எங்கே போனாலும் கையில் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் வாளி தொங்கும்; ஊர் அவருக்கு வைத்த பெயரும் அதுவே. அதன் உள்பக்கம், அடியிலிருந்து நாலு விரல் உயரத்தில் ஒரு கோடு கீறியிருப்பார். எஞ்சினுக்குக் காற்றை ஊதித் திணிக்கிற டர்போவுக்குப் போகும் எண்ணெய்க்குழாயைக் கழற்றி வாளிக்குள் விட்டு, அரை நிமிஷம் ஓட்டினால் எண்ணெய் அந்தக் கோட்டைத் தொட வேண்டும். தொடாவிட்டால் வரும் வழியில் கோளாறு. தொட்டால் போகும் வழியைப் பார்ப்பார். "எல்லாரும் டர்போவையே திட்டுறாங்க. பாவம், அது என்ன பண்ணும்? வந்த எண்ணெய் வீட்டுக்குத் திரும்பிப் போக வழி வேணாமா?" என்பார். போக வழியில்லாத எண்ணெய் டர்போவுக்குள் தேங்கி, சைலன்சர் பக்கம் கசிந்து, நீலப் புகையாக ஊரைக் கூட்டும்.

பெண் பார்க்க வந்த அன்றே காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "உங்க பாத்ரூம்ல தண்ணி நிக்குதே" என்று எழுந்து போனவர் அவர். அரை மணி கழித்து, முழங்கை வரை நனைந்து, ஒரு முடிக்கற்றையைத் தூக்கிப் பிடித்தபடி வெளியே வந்தார். கூடவே விக்கல். கோளாறு அகப்பட்டாலும் சரி, அது தீர்ந்தாலும் சரி, சந்தோஷத்தில் அவருக்கு விக்கல் வந்துவிடும். தண்ணீர் குடித்தாலும் நிற்காது. பட்டறையில் விக்கல் சத்தம் கேட்டால், வண்டிக்காரர்கள் பெஞ்சிலிருந்து எழுந்து சட்டையைச் சரி செய்துகொள்வார்கள்.

அந்த மனுஷரிடம் தன் வேனைக் கொண்டுபோவதில்லை என்று, தங்கைக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம் அக்கா வைராக்கியமாக இருந்தாள். பதினெட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் ஏற்றிப் போகிற வேன், ஓட்டுவதும் அவளே. டர்போ கத்தத் தொடங்கியதும், மெக்கானிக் வேலை பார்க்கிற சித்தப்பா மகனிடம் விட்டாள். அவன் புதுசு போட்டான். ஒரே வாரத்தில் நீலப் புகை. இன்னொரு புதுசு போட்டான், அதுவும் புகைந்தது. தலைமையாசிரியை வாசலுக்கே வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு, "திங்கட்கிழமையும் இப்படி வந்தா நாங்க வேற வேன் பாத்துக்கறோம்மா" என்று சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா பட்டறைக்குள் வேனைக் கொண்டுவந்து நிறுத்தினாள். தங்கை சாப்பாட்டுத் தூக்கோடு அங்கேதான் இருந்தாள். "வா வா, குடத்துக்கடை, அண்டாக்கடை எல்லாம் பூட்டிட்டாங்களா?" என்றாள்.

"வாயை மூடுடி. மாப்பிள்ளை, கொஞ்சம் பாருங்க."

அவர் எடுத்த எடுப்பில் டர்போவைத் தொடவில்லை. முதலில் வரும் குழாயைக் கழற்றி வாளிக்குள் விட்டார். அக்கா சாவியைத் திருப்பினாள். எண்ணெய் கோட்டைத் தொட்டது. "வரத்து ஜோர்." அதை மாட்டிவிட்டு, எண்ணெய் ஊற்றும் வாயில் ரப்பர் கையுறை ஒன்றைக் கட்டினார். எஞ்சின் வயிற்றில் காற்று முட்டினால் அது ஐந்து விரலும் விரித்து எழுந்து நிற்கும். எஞ்சின் ஓடியது, கையுறை எழவில்லை, சோம்பேறியாகப் படுத்துக் கிடந்தது. "வயிறும் சுத்தம் அண்ணி." பிறகு அடியில் புகுந்து, திரும்பும் குழாயின் கீழ்முனையைக் கழற்றி வாளிக்குள் வைத்தார். கயிறு கயிறாக விழ வேண்டிய எண்ணெய் சொட்டுச் சொட்டாக, யோசித்து யோசித்து விழுந்தது.

"நிறுத்துங்க!"

குழாயின் மேல்முனையைக் கழற்றி டார்ச் அடித்தார். டர்போவோடு பொருந்துகிற வாய்க்குள் சிவப்பாக ஒரு வளையம் பிதுங்கி, இறுகி, ஓட்டையை முக்கால்வாசி அடைத்திருந்தது. ஒட்டும் பசை.

"கசியாம இருக்கத்தான் காகித கேஸ்கட் போட்டிருக்கே, அங்க பசை எதுக்கு? யாரு இந்தக் குழாய்க்கு உதட்டுச் சாயம் பூசுனது?"

அக்காவுக்கு எதிலும் ஒரு சுற்று கூட வேண்டும். பொட்டலத்துக்கு இரண்டு முடிச்சுப் போதுமென்றால் நாலு போடுவாள். சித்தப்பா மகன் டீ குடிக்கப் போன நேரத்தில் பசை டியூபை எடுத்து, இரண்டு தடவையும், கேஸ்கட்டின் இரண்டு பக்கமும் வாரித் தடவியவள் அவளேதான். அவனும் பழைய பசையைச் சுரண்டி எறிந்தானே தவிர, அது எங்கே பிதுங்கியிருந்தது என்று பார்க்கவில்லை. இப்போதும் பழியை அவன் தலையில் போட்டிருக்கலாம். தங்கை வேறு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் மாப்பிள்ளை," என்றாள் அக்கா. "ஒழுகிடக் கூடாதேன்னு… கொஞ்சம் தாராளமா…"

அவர் டார்ச்சை அணைத்துவிட்டு நிமிர்ந்தார். பிறகு, "ஹிக்."

தங்கை தூக்கைக் கீழே வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள். அக்கா முறைக்கத்தான் பார்த்தாள், முடியவில்லை. வெங்காயம் உரித்த அன்று வழிந்த மாதிரி வழிந்தது. அவர் விக்கிக்கொண்டே டர்போவின் சுழல்தண்டை விரலால் ஆட்டிப் பார்த்து, "டர்போ தங்கம் அண்ணி, ஹிக், தண்டு ஆடவே இல்ல. பசை டியூப் எங்க? ஹிக், இந்த வாளிக்குள்ள போடுங்க" என்றார். அக்கா சீட்டுக்கடியிலிருந்து இரண்டு டியூப் எடுத்துப் போட்டாள்.

வழியைச் சுத்தம் செய்து, வெறும் கேஸ்கட்டோடு மாட்டியாயிற்று. ஆனாலும் அவர் கையைப் பிசைந்தார். "சைலன்சர் குடிச்ச எண்ணெயை எல்லாம் கக்கித் தீர்க்கணும். அது வரைக்கும் புகை வரும். நாளைக்குள்ள தீருமான்னு சொல்லத் தெரியல." சாயங்காலம் வரை அக்காவும் அவரும் மாறி மாறி வேனை ஓட்டினார்கள். புகை மெலிந்தது, அற்றுப்போகவில்லை.

திங்கட்கிழமை காலை அக்கா வாசலுக்கு வந்தபோது அவர் வாளியோடு வேனருகில் நின்றிருந்தார். கேட்காமலே ஏறிக் கடைசி சீட்டுக்குப் போய்விட்டார். ஏறிய பிள்ளைகள் ஒவ்வொன்றாக, "மாமா, என்ன பாக்குறீங்க?" என்று கேட்டார்கள். "புகை வருதான்னு பாக்குறேன். கத்தாம பாத்தாத்தான் தெரியும்." அவ்வளவுதான், பதினெட்டும் சீட்டில் முழங்காலிட்டுப் பின்பக்கம் திரும்பிக்கொண்டன.

இப்போது பள்ளிக்கூடத் தெரு திரும்புகிறது. கேட்டருகே தலைமையாசிரியை நிற்கிறார். அக்கா கண்ணாடியைப் பார்க்கிறாள்; ஒரு முகமும் தெரியவில்லை, பதினெட்டுப் பின்னந்தலைகளும், அவற்றுக்கு நடுவே ஒரு வழுக்கையும்தான். வாளி மாப்பிள்ளை கடைசி சீட்டில், பின்கண்ணாடியில் மூக்கை அழுத்தி, தன் மஞ்சள் வாளியை மார்போடு அணைத்துக்கொண்டு முழங்காலிட்டிருக்கிறார்; பின்னால் தெரு புகையில்லாமல் கிடக்கிறது, அவர் விக்கிக்கொண்டிருக்கிறார்.