கொஞ்சமா, சற்றா: ஒசாகாவிலிருந்து ஒரு போன்

இன்று பள்ளி விடுமுறை. ஷார்ஜாவில் வாப்பாவின் பழைய கார் உதிரிப்பாகக் கடையில் உட்கார்ந்திருந்தேன். வாப்பா பின்னறையில் லுஹர் தொழுதுகொண்டிருந்தார்.

போன் அடித்தது. ஒசாகாவிலிருந்து இன்ஜின் அனுப்பும் பெரியவர். இந்த முறை கன்டெய்னர் எங்களுக்கா, பக்கத்துக் கடைக்கா என்று இன்று சொல்வதாக இருந்தார். காத்திருக்கப் பிடிக்காத மனிதர்.

ஆறு மாதமாக இணையத்தில் ஜப்பானிய மொழி படிக்கிறேன். அவரைப் பொறுத்திருக்கச் சொல்ல வேண்டும். 'சொத்தோ' என்பது நம் 'கொஞ்சம்' மாதிரி, தோழியிடம் சொல்வது. 'ஷோஷோ' என்பது 'சற்று' மாதிரி, பெரியவர்களிடம் சொல்வது. வாய் வரை வந்த சொத்தோவை விழுங்கிவிட்டு, "ஷோஷோ ஒமாச்சி குதசாய்" என்றேன்.

தப்பாகச் சொல்லிவிட்டேனோ என்று பயந்தேன்.

அவரோ "ஓ!" என்று மகிழ்ந்து ஜப்பானிய மொழியிலேயே கொட்டத் தொடங்கினார். இவ்வளவு மரியாதையாகப் பேசுகிறவளுக்கு எல்லாம் தெரியும் என்று நம்பிவிட்டார். எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. அதைச் சொன்னால் வைத்துவிடுவாரோ என்று பயந்து, "ஹை, ஹை" என்றேன். ஹை என்றால் ஆம்.

தொழுகை முடிந்து வாப்பா ஓடிவந்து போனை வாங்கி, ஆங்கிலத்தில் பேசிவிட்டு வைத்தார்.

"கன்டெய்னர் நமக்குத்தான் புள்ள."

நான் துள்ளிக் குதித்தேன்.

"ஆனா உள்ள பாதிதான் இன்ஜின். மீதி பூரா பழைய கார்க் கதவு. அனுப்பட்டுமான்னு கேட்டாராம், நீ சரி சரின்னியாம்!"

யாருக்காவது பழைய கார்க் கதவு வேண்டுமா? மரியாதையாகவே கேட்கிறேன்.